காட்டிக் கொடுத்த திரை

வீட்டில் கரண்ட் எங்கெங்கே போகிறது என்பதைச் சுவரில் காட்டும் கருவியை வடிவமைப்பது என் வேலை. ஊரில் யாரிடம் சொன்னாலும் ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா கணக்கெடுக்கத்தான் ஆள் வாராகளே என்பார்கள். ஆர்.எஸ்.மங்கலத்தில் இருக்கும் என் அய்யாவும் அதையேதான் சொன்னார். பில் வந்தபிறகு தெரிந்து என்ன பயன், ஓடும்போதே தெரிந்தால்தானே நிறுத்த முடியும் என்று அவருக்கு நீளமாக விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப உள்ள ஓடுற ஃபேனை அமத்திட்டு வந்து பேசு" என்றார். நான் எழுந்து வந்த அறையில் ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

கருவி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மெயின் பெட்டிக்குள் ஒவ்வொரு லைனிலும் ஒரு சின்ன வளையம் மாட்டுவோம். சமையலறை, ஹால், படுக்கையறை, மோட்டார் என்று நான்கு லைன். எதில் எவ்வளவு ஓடுகிறதோ, அது ஹாலில் மாட்டிய திரையில் நான்கு நிறக் கோடுகளாக ஏறி இறங்கும். அதே கோடுகள் போனிலும் வரும். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று பட்டு வளையத்தின் கொக்கி துருப்பிடித்துவிடும். அதைத் தவிர அதில் ஒரு குறையும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் நிறுவனம் சிறியது. சோதனைக்காக ராமநாதபுரம் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊரில் சில வீடுகளில் மாட்டினோம். அந்த ஊரை நான்தான் கேட்டு வாங்கினேன். வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்கள் கட்டிய வீடுகள், அறைக்கு அறை ஏசி, உள்ளே இருப்பது இரண்டு மூன்று பேர். கரண்ட் வீணாவதை இங்கே நன்றாகக் காட்டலாம் என்பது என் கணக்கு.

அதில் ஒரு வீட்டில் கணவர் துபாயில் வேலை பார்த்தார். மனைவியும், பள்ளிக்கூடம் போகிற இரண்டு மகள்களும் இங்கே இருந்தார்கள். அந்தப் பெண்ணை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன். இரண்டாவது முறை போனபோது, அந்தத் தெருவில் எல்லோரும் அழைப்பதுபோல லாத்தா என்று மாற்றிக்கொண்டேன். அவர் என்னைத் தங்கச்சி என்பார். எப்போது போனாலும் தட்டில் தொதல் அல்வா வரும், வேண்டாம் என்றால் கேட்கமாட்டார்.

மின் இணைப்பு கணவர் பேரில் இருந்தது. அதனால் கருவி அவருடைய போனோடுதான் சேர்ந்துகொண்டது. எனக்கு அது நல்லதாகவே பட்டது. பில் கட்டுகிற மனிதர் பார்க்கட்டுமே.

சில வாரங்களில் அந்த வீட்டுக் கோடுகள் இறங்கத் தொடங்கின. மத்தியான நேரத்துப் படுக்கையறைக் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. அந்தப் படத்தை அலுவலகத்தில் பார்த்தவர்களிடமெல்லாம் காட்டினேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சித்திரை வெயிலில் ஒருநாள் அங்கே போனேன். லாத்தா ஹாலில் ஜன்னல் ஓரமாக ஓலை விசிறியோடு உட்கார்ந்திருந்தார். கழுத்தெல்லாம் வேர்வை. தலைக்கு மேல் மூன்று ஃபேன், மூன்றும் நின்றிருந்தன. கரண்ட் இல்லையா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். பிறகு அவராகவே சொன்னார்.

முதலில் எல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்ததாம். இன்னைக்கு மிக்ஸி லேட்டா ஓடுதே, பிள்ளைகளுக்கு நேரமாகலையா என்று கணவர் போனில் கேட்பார், இவர் சிரிப்பார். பிறகு மோட்டார் எதற்கு இரண்டு தடவை ஓடியது என்று கேட்டார். ஹாலில் மூன்று ஃபேனும் ஓடியதே, யார் வந்தார்கள் என்று கேட்டார். பக்கத்து வீட்டுப் பெண்கள்தான் வந்திருந்தார்கள். அப்புறம் ஒருநாள், "மத்தியானம் ஏசி யாருக்கு ஓடுது?" என்று கேட்டார்.

லாத்தா விடிகாலை சுபுஹு தொழுகைக்கு முன்பே எழுந்துவிடுகிறவர். மத்தியானம் லுஹர் தொழுதபின், பிள்ளைகள் வரும்வரை கொஞ்சம் படுப்பார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தான். கணவர் தப்பாக ஒன்றும் கேட்கவில்லை, அப்படிப்பட்ட மனிதரும் இல்லை என்று லாத்தா என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். ஆனால் அதன்பிறகு ஏசி சுவிட்சுக்குக் கை போகவில்லை. பிறகு ஃபேனுக்கும் போகவில்லை.

நான் என் கருவிக்குப் பரிந்து பேசினேன். இந்தத் திரை கரண்டை மட்டும்தானே காட்டுகிறது என்றேன். லாத்தா உள்வாசலில் தொங்கிய துணியை ஒருதரம் பார்த்தார்.

"திரைன்னா மறைக்கத்தானே போடுவாக, தங்கச்சி. ஒங்க திரை காட்டிக் குடுக்குது."

கழற்றிவிடவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். கழற்றினால் எதற்குக் கழற்றினாய் என்பதற்கும் ஒரு பதில் வேண்டும். இன்னொன்றும் இருந்தது. துபாயில் விடிவதற்கு முன் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது, கணவர் போனில் சமையலறைக் கோடு ஏறுவதைப் பார்ப்பாராம். வீட்டில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள் என்று மனதுக்கு ஆறுதலாக இருக்கும் என்று சொல்லியிருக்கிறார். லாத்தாவுக்குத் தன் வீட்டில் யாருக்கும் கணக்குச் சொல்லாமல் இருக்கவேண்டும். கணவரிடமிருந்து அந்தக் காலை நேரத்தைப் பிடுங்கவும் மனம் வரவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது எனக்குக் கோபம் கோபமாக வந்தது. திரை என்ற அந்தச் சொல்லை வருஷக்கணக்காகத் தினமும் சொல்லியிருக்கிறேன், அதன் பாதி அர்த்தம் ஒருநாளும் என் காதில் விழுந்ததில்லை.

மறைக்கிற வசதி ஏற்கெனவே இருக்கிறதே என்றார் என் மேலாளர். இருந்தது, போனில் நாலைந்து பக்கம் தள்ளி, 'தனியுரிமை அமைப்புகள்' என்ற பெயரில். அதுவும் கணவர் போனில். விழிப்புணர்வுக் கருவியில் மறைப்பதற்கு என்ன வேலை என்று மேலாளர் கேட்டார். ஃபேனை நிறுத்திவிட்டு வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்குப் பெயர் சேமிப்பு அல்ல என்று நான் கத்தினேன். கத்தித்தான் அனுமதி வாங்கினேன்.

சுவர்த் திரையில் ஒவ்வொரு கோட்டுக்கும் மேலே சின்னதாக ஒரு துணித்திரை வரைந்தேன். விரலால் இழுத்தால் அது கீழே இறங்கும். அந்தக் கோடு அதன்பிறகு போனுக்குப் போகாது, மாதத்தின் மொத்தம் மட்டுமே போகும். இழுப்பதும் விலக்குவதும் வீட்டில் இருப்பவர் கையில். 'திரை போடு', 'திரை விலக்கு' என்று எழுதினேன். நாடகக் கொட்டகை மாதிரி இருக்கிறது என்றார் மேலாளர். இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன்.

அதை லாத்தா வீட்டுச் சுவரில் ஏற்றிய அன்று எனக்குள் ஒரு பயம் இருந்தது. போனில் கோட்டுக்குப் பதில் திரையைப் பார்த்தால் கணவருக்கு இன்னும் நூறு கேள்வி வராதா? லாத்தாவிடம் அதைச் சொல்லியேவிட்டேன். அவர் படுக்கையறைக்குத் திரையை இழுத்தார். ஹாலுக்கு இழுத்தார். மோட்டாருக்கும் இழுத்தார். சமையலறைக் கோட்டின்மேல் வைத்த விரலை எடுத்துக்கொண்டார்.

"அடுப்படி இருக்கட்டும். அது அவுகளுக்கு."

அந்த மாதம் அந்த வீட்டின் மொத்தம் கூடித்தான் போயிருந்தது. மேலாளர் ஏன் என்று கேட்டார். வெயில் என்றேன்.

துருப்பிடித்த வளையம் ஒன்றை மாற்ற மறுபடி போனபோது மத்தியானம் ஆகிவிட்டது. வெகுநேரம் கழித்துத்தான் லாத்தா கதவைத் திறந்தார். முகத்தில் தலையணைத் தடம். எழுப்பிவிட்டோமே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் அதைக் கண்டுகொள்ளாமல் தொதலை எடுத்து வைத்தார். நான் ஸ்டூலில் ஏறி மெயின் பெட்டியைத் திறந்தபோது அவருடைய போன் அடித்தது. தொதல் கையில் ஒட்டியிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். அன்று துபாயில் அவருக்கு லீவு.

"படுக்கையறைக்குத் திரை போட்டிருக்கியே" என்றார் கணவர்.

நான் ஸ்க்ரூடிரைவரைத் திருப்பாமல் நின்றேன்.

"நல்லாத் தூங்குனியா?"

"ம். தூங்குனேன்" என்றார் லாத்தா.