மரக் கொட்டாயில் ஐந்து பிள்ளைகள்

மழையில் நனைந்த பேக்கிங் மரத்துக்கு ஒரு வாடை உண்டு. பிசினும் புளிப்பும் கலந்து மூக்கில் ஏறும். வெளிநாட்டிலிருந்து இயந்திரங்களைச் சுமந்துவந்த அந்தப் பெட்டிகளைக் கம்பெனிகளிலிருந்து எடுத்து, பிரித்து, பலகையாக்கி விற்றவன் நான். பிள்ளைப்பாக்கத்தில் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவன், ஒரு மூன்று சக்கர வண்டியில் தொடங்கி இரண்டு லாரிக்குச் சொந்தக்காரன் ஆனேன். மரத்தை முகர்ந்தே அதன் வயதைச் சொல்லுவேன். ஒரகடம் வரைக்கும் விசாரித்துப் பாருங்கள். என் இளமையில் எழுத ஒன்றுமில்லை, மாடு மேய்த்ததுதான். எழுத வேண்டியது என் இளைய மகள் செல்வியின் இளமையை. அதை நினைத்தால் இன்றைக்கும் கோபம்தான் முதலில் வருகிறது.

இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்த சமயம் அது. நெல் வயல்களுக்கு நடுவே கம்பெனிகள் எழும்பிக்கொண்டிருந்தன. செல்விக்கு ஏழு வயது. பிறக்கும்போதே மூளைக்கு மூச்சு எட்டாமல் போனதால் கழுத்து நிற்காது, கால் விறைத்தே இருக்கும், பேச்சு இழுத்து இழுத்து வரும். ஆனால் நாம் பேசுவதெல்லாம் அவளுக்குப் புரியும். என் பெரியப்பா வரும்போதெல்லாம், "அத்த வெளிய காட்டாதடா. பெரியவளுக்கு எவன் பொண்ணு கேட்டு வருவான்?" என்பார். ஊரில் நாலு பேருக்குத் தீர்ப்புச் சொன்ன நான் அதற்குத் தலையாட்டி, விருந்தாளி வந்தால் அவளைப் பின்னறையில் படுக்கவைத்துக் கதவைச் சாத்தினேன். "எனக்கு ஒரே பொண்ணு" என்று சொன்ன வாய் இது.

ஒரு சனிக்கிழமை லாரி பஞ்சராகி, லோடு எடுக்காமல் நடுப்பகலிலேயே திரும்பினேன். வீட்டை ஒட்டி நான் பலகை அடுக்கிவைக்கும் மரக் கொட்டாய்க்குள்ளே பேச்சுச் சத்தம். பாய் விரித்து ஐந்து பிள்ளைகள். ஒருவன் தன் கையையே ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான், ஒருத்திக்கு எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது. சுற்றிலும் அவர்களுடைய அம்மாக்கள், நடுவில் என் மனைவி மல்லிகா. நான் லோடுக்குப் போகும் சனிக்கிழமைகளிலெல்லாம் பூட்டைத் திறந்துவிட்டிருக்கிறாள்!

"இது இன்னா, தர்ம ஆஸ்பத்திரியா?" என்று கத்தினேன். "யாரக் கேட்டு தொறந்த? ஊரு பூரா தெரியணுமா?"

கையை ஆட்டிக்கொண்டிருந்தவனின் அம்மா, பக்கத்துத் தெருவில் வாடகைக்கு இருந்த முத்துலட்சுமி, எழுந்தாள். கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். புருஷனுக்குக் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை.

"அண்ணாச்சி, வையணும்னா பொறவு வையுங்க. மொதல்ல ஒங்க மவளப் பாருங்க."

பார்த்தேன். சுவர் மூலையைப் போல இரண்டு பலகைகளைச் சேர்த்து, முன்னால் ஒரு தட்டு அடித்த நாற்காலியில் செல்வி உட்கார்ந்திருந்தாள். சென்னை ஆஸ்பத்திரியில் பார்த்துவைத்த நாற்காலியைப் போலவே முத்துலட்சுமியின் புருஷன் ஷிஃப்ட் முடிந்த நேரத்தில் செய்திருக்கிறார், மரம் என்னுடையது. ஏழு வருஷமாகப் பாயிலிருந்து அண்ணாந்தே என்னைப் பார்த்த பிள்ளை, முதல் முறையாக நேருக்கு நேர் பார்த்து, "அப்பா... கத்தாத" என்றாள்.

நாற்காலியின் பலகையைத் தடவிப் பார்த்தேன். "ஆணி வெளிய நீட்டிக்கினு கீது. இவன்லாம் ஒரு தச்சனா?" என்றேன்.

"அப்ப நீங்களே அடிங்க" என்றாள் மல்லிகா.

அடித்தேன். செல்வியோடு சேர்த்து ஐந்து பிள்ளைக்கும் ஐந்து நாற்காலி. அந்த வழவழப்பு எந்த ஆஸ்பத்திரியிலும் கிடையாது. அந்தப் பெண்கள் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்ததை எந்த டாக்டரும் எங்களுக்குச் சொன்னதில்லை. தலையை அண்ணாத்தி ஊட்டினால் புரையேறும், தாடையைத் தாழ்த்திப் பிடி என்று காட்டினாள் ஒருத்தி. இரவெல்லாம் உறங்காத பையனின் தாய், தூங்குவதற்கென்றே வந்து பலகை அடுக்கின்மேல் படுப்பாள். எழும்வரை மற்றவர்கள் பையனைப் பார்த்துக்கொள்வார்கள். "மானத்த வாங்கறியேடா" என்று வந்த பெரியப்பாவிடம், "பெரியவளக் கேட்டு வர்றவன் சின்னவளப் பாத்துட்டே கேக்கட்டும்" என்று சொல்லி வாசலோடு அனுப்பினேன். பார்த்துவிட்டே ஒருவன் கேட்டு வந்தான், அதையும் சொல்லிவைக்கிறேன்.

நாலைந்து வருஷம்தான். காண்ட்ராக்ட் ஆட்களைக் கம்பெனி ஒரே நாளில் நிறுத்தியது. முத்துலட்சுமி தன் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறினாள். மற்றப் பிள்ளைகளின் வீட்டார் நிலத்தை விற்று ஆளுக்கொரு திசையில் போனார்கள். ரோட்டை அகலப்படுத்தியபோது, "விறகுக் கொட்டாய்தானே" என்று சொல்லி இடித்தார்கள். விறகாம்!

இன்றைக்கு எதிரே அடுக்குமாடிக் குடியிருப்பு. போன வாரம் ஒரு வாலிபன் பிள்ளையைத் துண்டால் மூடிக் காரில் ஏற்றினான். அந்தக் காலின் விறைப்பைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. பிள்ளைக்கு என்ன என்று கேட்டேன். "சார், யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றான். அறையக் கை எழுந்தது. அந்தக் காலத்தில் என்னை ஒருவனும் அறையவில்லையே என்ற ஆத்திரம் அது.

வீட்டுக்கு வந்து செல்வியிடம் சொன்னேன். முப்பது தாண்டிவிட்டாள். வெகுநேரம் வாயைக் கூட்டி, "அந்தப் புள்ளையோட அம்மாவ... இங்க வரச் சொல்லு" என்றாள்.

மூன்று நாளாகப் போய் அவர்கள் வீட்டு மணியை அடிக்கிறேன். உள்ளே பிள்ளை அழுவது கேட்கிறது, கதவுதான் திறப்பதில்லை. நாளைக்கும் அடிப்பேன்.