கஞ்சி குடித்த பூஞ்சை

என் அண்ணன் மனைவி, மதினிக்கு யாரும் பசியோடு இருந்துவிடக் கூடாது. வாசலுக்கு வந்த நாய்க்கும் சோறு உண்டு. அந்தக் குணத்தால்தான் என் ஆராய்ச்சி நாசமாய்ப் போனது என்று 1970களில் பார்த்தவரிடமெல்லாம் புலம்பியிருக்கிறேன்.

அப்போது எனக்கு அருப்புக்கோட்டையில் கல்லூரி ஆய்வகத்தில் வேலை. திருச்சுழிப் பக்கம் ஊரில் அண்ணனின் கிணற்றுத் தோட்டம். கத்திரி வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக வீங்கி, செடிகள் வாடின. கண்ணுக்குத் தெரியாத நூற்புழுக்களின் வேலை.

"இந்த நடவும் போச்சுன்னா மதுரைக்கு மில் வேலைக்குப் போயிருவேன்லே" என்றான் அண்ணன்.

அந்தப் புழுவைத் தின்னும் பூஞ்சை என்னிடம் இருந்தது. கண்ணி வளையம் விட்டுக் காத்திருக்கும். புழு நுழைந்ததும் வளையம் இறுகும். பிறகு உடம்பைத் துளைத்து, உள்ளே நொதியைச் சுரந்து, கரைத்துக் குடிக்கும். ஈரம் வேண்டும், வெயில் ஆகாது. முக்கியமாக, பட்டினி கிடக்க வேண்டும். புழு கிடந்த மண்ணைச் சட்டியில் போட்டுப் பூஞ்சையை அதில் விட்டு, வேட்டைக்குப் பழகியதும் தோட்டத்து மண்ணில் கலக்கலாம் என்று அண்ணன் வீட்டு மூலையில் வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனால் சட்டி நிறைய வெள்ளைப் பஞ்சு! ஆசையாக, கையோடு கொண்டுபோன மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். ஒரு வளையம்கூட இல்லை. புழுக்கள் சாவகாசமாக உலாத்தின.

"என்ன மதினி பண்ணுனீக?"

"உசிருள்ளதுன்னு சொன்னீகளே தம்பி. தெனம் ஒரு கரண்டி கஞ்சி ஊத்துனேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். "வயிறு நெறஞ்சா அது வேட்டைக்குப் போகாது மதினி!"

"பட்டினி போட்டுக் கொல்லப் பழக்கணுமாக்கும்? நல்லாருக்கு ஒங்க படிப்பு."

நான் பஸ் ஏறியதும் மறுபடி கஞ்சி ஊற்றியிருக்கிறார். சண்டை போட்டும் பயனில்லை. நடவு போனது. மழையும் பொய்த்துக் கிணற்றில் சேறுதான் மிஞ்சியது. அண்ணன் சொன்னபடியே மதுரைக்குப் போனான். அதன்பின் ஒரு தகவலும் இல்லை. வீட்டில் கேப்பைக் கஞ்சியே ஒரு வேளைதான்.

ஒரு மதியம் சட்டியைப் பார்த்தேன். மதினி தண்ணீர் மட்டும் தெளித்திருந்தார். பஞ்சு வற்றியிருந்தது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் எங்கும் வளையம். ஒரு புழு துடித்துத் துடித்து அடங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் வெறும் தோல்கள்.

மதினியும் குனிந்து பார்த்தார். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"எப்பருந்து இப்பிடி?"

"கஞ்சி நின்னதுலருந்து" என்றேன்.

"அவுகளும் மதுரையில பட்டினி கெடந்தா இப்பிடி ஆயிருவாகளா தம்பி?"

அவர் அடுப்படிக்குப் போய்க் கஞ்சிக் கும்பாவை எடுத்துவந்து, சட்டியில் முழுவதையும் கவிழ்த்தார். அன்றைக்கு அவருக்கென்று இருந்த கஞ்சி அதுதான்.