பக்கத்து சீட்

கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட் எப்போதும் காலியாகவே இருக்கும். சூப்பர்வைசருக்குத் தரும் மரியாதை என்று நினைத்து, நூற்றுப்பத்து கிலோ உடம்பைத் தாராளமாகச் சாய்த்து, பொன்னேரி தாண்டுவதற்குள் தூங்கிவிடுவேன்.

ஒருநாள் வேறு இடமில்லாமல், புதிதாகச் சேர்ந்த வெல்டர் டேவிட் என் பக்கத்தில் உட்கார்ந்தார். கும்மிடிப்பூண்டி வருவதற்குள் நாலு முறை என்னை உலுக்கி எழுப்பினார். “இன்னாப்பா?” என்று சிடுசிடுத்தேன்.

“உங்க கொறட்டைக்குப் பயந்துதான் எல்லாரும் தள்ளிக் குந்திக்கினு இருக்காங்க சார். ஆனா நடுவுல உங்களுக்கு மூச்சே நின்னுபோவுது. டாக்டராண்ட காட்டுங்க.”

தொண்டையைச் சுற்றிச் சேர்ந்த கொழுப்பு தூக்கத்தில் மூச்சை அடைப்பதாக டாக்டர் சொன்னார். இப்போது வீட்டில் மூச்சு அடைக்காமல் காற்றைச் செலுத்தும் மெஷினின் மாஸ்க்கை மாட்டித் தூங்குகிறேன். பதினோரு கிலோ குறைந்திருக்கிறேன். பஸ்ஸில் தூக்கம் வருவதில்லை. டேவிட்தான் என் தோளில் சாய்ந்து தூங்குகிறார். அந்தப் பழைய மரியாதை போனதில் எனக்கு வருத்தமே இல்லை.