மூன்று வெள்ளெலிகளும் ஒரு துண்டு சீஸும்

இங்கிலாந்தின் கோஸ்போர்ட் துறைமுகத்தில் சி ரக நீர்மூழ்கிகள் பெட்ரோலில் ஓடிய காலம். நச்சுப்புகை சேர்ந்தால் மனிதனுக்கு முன்னே மயங்கட்டும் என்று உள்ளே மூன்று வெள்ளெலிகளைக் கூண்டில் வைத்திருந்தார்கள்.

என்ஜின்காரன் ஜெத்ரோ பாஸ்கோ தன் பங்கு சீஸை அவற்றுக்கே ஊட்டினான். கொழுத்த எலிகள் எந்நேரமும் தூங்கின.

"காவலுக்கு வச்ச எலிக்கு மாப்பிள்ளை விருந்தாய்யா?" என்று நீர்மூழ்கியின் தலைவர் லெப்டினன்ட் ஹாலம் எரிந்து விழுவார்.

"அதுங்க குணம் எனக்குத் தெரியும் சார்."

ஒருநாள் கடலுக்கடியில் மூன்றும் மல்லாந்து கிடந்தன. "வழக்கமான தூக்கம்தான்," என்றார் ஹாலம். ஜெத்ரோ சீஸைக் கிள்ளி ஒவ்வொன்றின் மூக்கருகிலும் வைத்தான். ஒரு மீசைகூட அசையவில்லை.

"சீஸுக்கே முழிக்கலைன்னா இது தூக்கமில்ல சார். படகை மேல கொண்டுபோங்க."

மேலே வந்து மூடியைத் திறந்தபோது நான்கு பேரால் காலூன்றி நிற்க முடியவில்லை; ஆனால் எல்லோரும் பிழைத்தார்கள். காற்றுப் பட்டதும் எலிகளும் எழுந்து கொறிக்கத் தொடங்கின.

மறுநாள் ஹாலம் தன் தட்டிலிருந்த சீஸைக் கைக்குட்டையில் பொதிந்து கொண்டுவந்தார். "இது போதுமாய்யா?"

ஜெத்ரோ பிரித்துப் பார்த்தான்.

"ரெண்டு எலிக்குப் போதும் சார். இங்க மூணு இருக்கு."