பதினாறு சேவல்களும் ஒரு வீறாப்பும்

ஹோர்காய் வென்செல் முப்பத்தொரு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். அந்த முப்பத்தொரு வருடத்தில் மனிதர்களைப் பற்றி அவர் கண்டுபிடித்தது ஒன்றே ஒன்றுதான்: எல்லோரும் திருட்டுப் பயல்கள், அதில் பாதிப் பேர் ஒழுங்காகத் திருடக்கூடத் தெரியாத மண்டூகங்கள். கழிப்பறைக்குள் ஒளிந்தவனையும், தூங்குவதுபோல் நடித்தவளையும், போன வாரத்து டிக்கெட்டில் தேதியைச் சுரண்டியவனையும் அவர் விட்டதில்லை. கண்ணைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன் என்பார். அவருடைய மனைவி செத்தும் போகவில்லை, யாரோடும் ஓடியும் போகவில்லை. தனியாக இருப்பதே மேல் என்று சொல்லிவிட்டுப் போனாள். அதுவும் இருபது வருடத்துக்கு முன்னால்.

ஓய்வு பெற்றதும் புடாபெஸ்டில் இருந்த அடுக்குமாடி வீட்டை விற்றுவிட்டு, திசா ஆற்றங்கரையில் ஒரு கிராமத்தில் முற்றத்தோடு கூடிய வீடு வாங்கினார். வந்த இரண்டாவது மாதமே ஊரில் அவருக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்: டிக்கெட் ஐயா. அது மரியாதை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

கோழி வளர்க்கும் யோசனை கடை முட்டையால் வந்தது. மஞ்சள் கரு வெளிறிப்போய், சீக்காளியின் முகம் மாதிரி இருந்தது. "கோழி வளக்குறதுல என்ன பெரிய வித்தை இருக்கு? இந்த ஊர்க்காரங்களே வளக்குறாங்களே!" என்று பெர்த்தலானின் மதுக்கடையில் உட்கார்ந்து, அந்த ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேருக்கு நடுவிலேயே சொன்னார். யாரும் பதில் பேசவில்லை. அதையும் மரியாதை என்றே எடுத்துக்கொண்டார்.

ஏப்ரல் நடுவில் குஞ்சு வண்டி வந்தது. ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டே தெருத்தெருவாகப் போய், மாதா கோயில் முன்னால் நிற்கும் வண்டி. மூன்று வாரக் குஞ்சுகள், மொட்டைக்கழுத்து ஜாதி. பிறந்ததிலிருந்தே கழுத்தில் ஒரு இறகு இல்லாமல், யாரோ பாதி உரித்துவிட்டுப் போனதுபோல் இருக்கும். பார்க்கத்தான் அசிங்கம்; வெயில், பனி எதற்கும் அசையாது.

"பெட்டையும் சேவலும் கலந்துதான் இருக்கு. கைக்கு வந்தத அள்ளிப் போடுறேன், சரியா?" என்றான் வண்டிக்காரன்.

"நீ அள்ளிப் போடுவே, நான் வாங்கிட்டுப் போவேனா? யாருகிட்ட?" என்று வென்செல் அவன் கையைத் தட்டிவிட்டார். தானே பெட்டிக்குள் குனிந்தார். கால் தடித்தது, மார்பு அகன்றது, தலையைத் தூக்கி அவரையே முறைத்தது, பக்கத்துக் குஞ்சைக் கொத்தி ஒதுக்கியது, இப்படிப் பார்த்துப் பார்த்து எடுத்தார். ஒடிசலாக, கால் மெலிந்து, மூலையில் ஒண்டியிருந்தவற்றைத் தூக்கிப் பார்த்து, "இந்தச் சவலைய யார் தலையில கட்டப் பாக்குறே?" என்று திரும்பப் போட்டார். இருபத்துநான்கு எடுக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.

அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றவள் பக்கத்து வீட்டு எதெல்கா. அறுபத்தைந்து வயது, புருஷனைப் புதைத்துப் பன்னிரண்டு வருடம், நாக்கு மட்டும் இன்னும் இளமையாக இருந்தது. ஆனால் அன்று அவள் வாயே திறக்கவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் நகர்ந்ததும் அவர் கழித்துப் போட்ட சவலைகளை எல்லாம் ஒன்று விடாமல் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டு போனாள்.

முற்றத்து மூலையில் இருந்த பழைய சமையலறையில் வென்செல் குஞ்சுகளை விட்டு, மேலே ஒரு சூட்டு விளக்கைத் தொங்கவிட்டார். விளக்கு மிகவும் தாழ்வாக இருந்தது. குஞ்சுகள் சுவரோரம் ஓடி வாயைப் பிளந்து நின்றன. தாகம் என்று தீர்மானித்து ஒரு வாளித் தண்ணீர் வைத்தார். அதில் இரண்டு விழுந்து செத்தன. விளக்கை உயரத் தூக்கிக் கட்டினார். எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்ததில் அடியில் கிடந்த ஒன்று நசுங்கிச் செத்தது.

செத்ததைத் தூக்கிக்கொண்டு அவர் வெளியே வந்தபோது எதெல்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"செவுத்தோரமா ஓடுச்சுன்னா சூடு அதிகம். ஒண்ணு மேல ஒண்ணு ஏறுச்சுன்னா குளிருது. அதுங்க வாய்விட்டுத்தான் சொல்லுதுங்க, உங்களுக்குத்தான் காது அடைச்சிருக்கு. தண்ணிய தட்டுல வைங்க, நடுவுல நாலு கூழாங்கல்லப் போடுங்க. அதுங்க என்ன குதிரையா, வாளியில குடிக்க?"

"எனக்குத் தெரியும்" என்றார் வென்செல். அவள் உள்ளே போகும்வரை காத்திருந்து, கூழாங்கல் பொறுக்கப் போனார்.

மிச்சம் இருந்த இருபத்தொன்றும் பிழைத்தன. பிழைத்தது மட்டுமா, கொழுத்தன. அவித்த முட்டை, பாலாடைக்கட்டி, நறுக்கிய காஞ்சொறித் தழை என்று அவர் அளந்து அளந்து போட்டார். மே மாதம் பல தலைகளில் கொண்டை சிவந்து எழும்பியது. "ரத்தம் பாரு, ரத்தம்! ஆரோக்கியம்னா இது!" என்று வேலிக்கு அப்பால் கேட்கும்படி சொல்லிக்கொண்டார். எதெல்காவின் பக்கம் இருந்து இருமல் சத்தம் கேட்டது. அது இருமல்தானா என்று அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

ஜூன் கடைசியில் ஒரு காலை, எண்ணெய் காணாத கதவு கிறீச்சிடுவதுபோல் ஒரு சத்தம். எட்டிப் பார்த்தார். அவருடைய மிக அழகான கோழி விறகுக் குவியல்மேல் ஏறி நின்று, மொட்டைக் கழுத்தை நீட்டிக் கூவ முயன்றுகொண்டிருந்தது. அன்று மாலைக்குள் இரண்டாவது கூவியது. வாரக் கடைசிக்குள் எண்ணிவிட்டார். சேவல் பதினாறு, பெட்டை ஐந்து.

செய்தி அவருக்கு முன்பே மதுக்கடைக்குப் போயிருந்தது. எப்படிப் போகாமல் இருக்கும், ஊரே நாலு மணிக்கு விழித்துக்கொண்டிருந்ததே.

"வாங்க டிக்கெட் ஐயா!" என்றான் பெர்த்தலான், கோப்பையைத் துடைத்துக்கொண்டே. "உங்க சேவல் எல்லாம் டிக்கெட் எடுத்துட்டுத்தான் பெட்டை மேல ஏறுதா, இல்ல ஓசிப் பயணமா?"

மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். அந்த நேரத்தில், ஆமாம், ஏமாந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஆளுக்கு ஒரு கோப்பை வாங்கிக் கொடுத்திருப்பார்கள். விஷயம் அதோடு முடிந்திருக்கும். அந்த ஒரு வார்த்தை வென்செலின் வாயில் இதுவரை வந்ததே இல்லை.

"வேணும்னுதான் சேவலா எடுத்தேன். முட்டைக்கு வளக்குறவன் எவனும் வளப்பான். நான் கறிக்கு வளக்குறேன். சேவல் குழம்புன்னா என்னன்னு உங்களுக்கெல்லாம் எங்க தெரியப்போகுது?"

சிரிப்பு நின்றது. பெர்த்தலான் கோப்பையைக் கீழே வைத்தான். அவன் அந்த வட்டாரத்திலேயே பேர்போன குழம்புக்காரன். மூன்று தலைமுறைக் கல்யாணங்களுக்குச் சேவல் ஆக்கிய குடும்பம்.

"அப்படியா சேதி! செப்டம்பர் எட்டு, மாதா திருவிழா. நான்தான் கொப்பரை வைக்கிறேன். பத்துச் சேவல், அறுத்து, சுத்தம் பண்ணி, மத்தியானத்துக்குள்ள கொண்டாங்க. வேணும்னு வளத்த சேவல் எப்படி இருக்குன்னு ஊரே சாப்பிட்டுப் பாக்கட்டும்."

"பத்தென்ன, பன்னெண்டு கொண்டாரேன்" என்றார் வென்செல். அவர் அதுவரை ஈயைத் தவிர எதையும் கொன்றதில்லை.

ஜூலை முழுக்க முற்றம் போர்க்களமாக இருந்தது. பதினாறும் ஒன்றையொன்று கொத்திக் கொண்டையைக் கிழித்தன. சண்டை ஓய்ந்த நேரத்தில் ஐந்து பெட்டைகளையும் துரத்தித் துரத்தி மிதித்தன. பெட்டைகளின் முதுகில் இறகு உதிர்ந்து தோல் தெரிந்தது. ஒரு பெட்டை விறகுக் குவியலின் உச்சிக்குப் போனதுதான், தீவனத்துக்குக்கூடக் கீழே இறங்கவில்லை.

"சேவல தனியா அடைங்க" என்றாள் எதெல்கா வேலிக்கு மேலே தலையை நீட்டி. "பெட்டைங்க கண்ணுல படாம, வீட்டுக்கு அந்தப் பக்கமா. பெட்டையப் பாக்கலைன்னா அந்தக் கழுதைங்க பாதி சாதுவாயிடும். ஆம்பளைங்கதானே."

சொன்னது சரி என்று அவருக்கு உடனே புரிந்தது. சொன்னது அவள் என்பதால் பத்து நாள் செய்யவில்லை. பதினோராம் நாள் விறகுக் குவியலுக்குப் பின்னால் அந்தப் பெட்டை செத்துக் கிடந்தது. தூக்கினால் காகிதம் மாதிரி கனமே இல்லை. முப்பத்தொரு வருடத்தில் எத்தனையோ பேர் அவர் முன்னால் அழுதிருக்கிறார்கள், கெஞ்சியிருக்கிறார்கள். அவருக்கு ஒன்றும் ஆனதில்லை. இந்த எடையில்லாத பறவையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வெகுநேரம் அங்கேயே நின்றார். பிறகு கம்பிவலை வாங்கி வந்து, வீட்டின் மறுபக்கம் சேவல்களைத் தனியாக அடைத்தார். மூன்றே நாளில் சண்டை அடங்கியது. அது அவரை இன்னும் எரிச்சல்படுத்தியது.

அன்று வேலியோரம் போய்க் கேட்டார்: "வண்டிகிட்ட என் பின்னாடிதானே நின்னீங்க? கால் தடிச்சது எல்லாம் சேவல்னு உங்களுக்குத் தெரியும்ல? ஒரு வார்த்த சொன்னா என்ன?"

"நீங்க கேட்டீங்களா?"

"கேக்கலைன்னா?"

"கேக்காதவருக்குச் சொல்றதுக்கு நான் என்ன ரயில்வே ஒலிபெருக்கியா? நீங்க சவலைன்னு தூக்கிப் போட்டீங்களே, பதினெட்டும் பெட்டை. அடுத்த மாசம் முட்டை வைக்கப்போகுது. ரொம்ப நன்றி."

வென்செல் தீவன வாளியைத் தூக்கிக்கொண்டு சேவல்களின் பக்கம் போனார்.

செப்டம்பர் எட்டு காலை ஆறு மணிக்கு, ரொட்டி அறுக்கும் கத்தியோடு அவர் முற்றத்துக்கு வந்தார். ரொட்டி அறுக்கும் கத்தி! முதலாவது சேவலைப் பிடிக்கவே கால் மணி நேரம் ஓடினார். பிடித்ததை முழங்காலுக்கு நடுவில் இடுக்கி, கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார். பாதிதான் அறுபட்டது. சேவல் திமிறிக்கொண்டு, ரத்தம் சிந்தியபடி அலறி முற்றம் முழுக்க ஓடியது. அவர் கத்தியும் கையுமாக அதன் பின்னால் ஓடினார்.

எதெல்கா வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு வந்தாள். இரண்டே எட்டில் சேவலைப் பிடித்து, ஒரு திருகில் கழுத்தை முறித்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். அவளுடைய கேலியை எல்லாம் அவர் தாங்கியிருந்தார்; இந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை.

"ஏமாந்தது தப்பில்ல. உலகத்துல ஏமாறாதவன் யாரு? தெரியாதத தெரியும்னு சொல்லி ஒரு சீவன இப்படி வதைச்சீங்க பாருங்க, அது தப்பு. அந்தப் பெட்டைய சாகவிட்டதும் தப்பு. உங்க வீறாப்புக்கு இதுங்க ஏன் சாகணும்?"

வென்செலின் சட்டை முழுக்க ரத்தம்.

"எனக்குத் தெரியாது" என்றார். "எப்படிச் செய்யணும்னு எனக்குத் தெரியாது எதெல்காம்மா. குஞ்சு வண்டியிலயும் எனக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் ஏமாந்தேன்."

"தெரியும். ஊருக்கே தெரியும்" என்றாள் அவள். உள்ளே போய்த் தன் கத்தியைக் கொண்டுவந்து, கல்லில் தீட்டி அவர் கையில் கொடுத்தாள். கவிழ்த்த வாளி ஒன்றின்மேல் உட்கார்ந்துகொண்டாள். "ஓடி ஓடிப் பிடிக்காதீங்க, மிரளும். அக்குள்ல அணைச்சுப் பிடிங்க. தலைமேல துணியப் போடுங்க. மூச்சு அடங்குற வரைக்கும் சும்மா நில்லுங்க. அப்புறம் ஒரே இழுப்பு. கண்ண மூடினீங்க, நான் வீட்டுக்குப் போயிடுவேன்."

அதற்கப்புறம் அவள் ஒன்றைக்கூடத் தொடவில்லை. பத்தில் மிச்சம் ஒன்பதையும் அவரே அறுத்தார். இரண்டாவதற்குக் கை நடுங்கியது, ஐந்தாவதற்கு நடுங்கவில்லை. இறகு பிடுங்கக் கொதிக்கும் தண்ணீரில் முக்கியதில் ஒன்றின் தோல் கிழிந்து வந்தது. "கொதிக்க விட்டா அப்படித்தான், விரல் பொறுக்காத சூடு போதும், நீங்க துணியா வெளுக்குறீங்க?" என்று அதற்கும் ஒரு அர்ச்சனை வாங்கிக் கட்டிக்கொண்டார். பதினொன்றரைக்குப் பத்துச் சேவலும் பெர்த்தலானின் மேஜையில் கிடந்தன. பன்னிரண்டு என்று சொன்னதை யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

பன்றிக் கொழுப்பில் வெங்காயம் கரைந்து, அடுப்பிலிருந்து இறக்கி மிளகாய்த்தூள் தூவி, கறியோடு கொண்டையும் காலும் விரையும் உள்ளே விழுந்து, சிவப்பு ஒயின் ஊற்றி, மூன்றரை மணி நேரம் விறகடுப்பில் வெந்தது. ஊர் சாப்பிட்டது. பாராட்டு முழுக்கப் பெர்த்தலானுக்குப் போயிற்று. அவனும் கூசாமல் வாங்கிக்கொண்டான். கடைசியில் வென்செலின் தட்டில் ஒரு தொடையை வைத்து, "கறி நல்லாத்தான் இருக்கு. வேணும்னு வளத்ததுன்னு சொன்னீங்களே, அது மாதிரியேதான் இருக்கு" என்றான்.

மேஜையில் எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

"பொய்" என்றார் வென்செல். "பெட்டைன்னு நெனச்சு எடுத்தேன். ஒவ்வொண்ணா, நானே பொறுக்கி எடுத்தேன்."

அன்று அவர்கள் சிரித்த சிரிப்பில் கொப்பரையே அதிர்ந்தது. அவர் சிரிக்கவில்லை, ஆனால் எழுந்தும் போகவில்லை.

மிச்சம் ஆறு சேவல். அவற்றில் மிகப் பெரியதை, பார்க்க ராஜா மாதிரி இருக்கிறது என்று இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொள்ள நினைத்தார். அது பெட்டைகளை மறுபடி கிழித்தது, அவர் முழங்காலிலும் தன் கால்முள்ளைப் பாய்ச்சியது. அக்டோபரில் அதையும் அறுத்தார், ஒரே இழுப்பில். ஒல்லியாக, ஒதுங்கி நின்று, புழு கண்டால் தான் தின்னாமல் பெட்டைகளைக் கூப்பிடும் ஒன்று இருந்தது. அதை வைத்துக்கொண்டார். மற்ற நாலையும் எதெல்காவிடம் கொடுத்து, பதிலுக்கு மூன்று பெட்டைகள் வாங்கினார். "நாலு சேவலுக்கு மூணு பெட்டை! இப்பவும் நான்தான் ஏமாறுறேன்" என்று அவள் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தாள்.

அதற்குப் பிறகு பதினோரு வருடம் அந்த ஊரில் இருந்தார். ஏழு பெட்டை, ஒரு சேவல், அதற்கு மேல் வைத்துக்கொள்ளவில்லை. திருந்திவிட்டார் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஊரில் கூண்டு கட்டியவனையெல்லாம் மடையன் என்றார், தீவனம் விற்றவனையெல்லாம் திருடன் என்றார், பெர்த்தலானின் ஒயினைக் கழுநீர் என்று சொல்லிக்கொண்டே தினமும் போய்க் குடித்தார். எதெல்காவை மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மரியாதையா என்று ஒருமுறை பெர்த்தலான் கேட்டான்.

"பயம்" என்றார் டிக்கெட் ஐயா. "அந்தம்மா கழுத்தத் திருகினத நீ பாத்ததில்ல."