ஒரே நம்பர், இரண்டு நோட்டு

பழைய அமெரிக்க நோட்டுக்கு விலை சொல்வது என் தொழில் என்றால் மரக்காணத்தில் பாதிப் பேர் சிரிப்பார்கள். உப்பு விளைகிற ஊரில் டாலரும் விளைகிறதா என்று கேட்பார்கள். கேட்கட்டும். சேகரிக்கிறவர்கள் எங்கிருந்தோ போட்டோவைப் பார்க்கிறார்கள், சான்றில் நான் போடும் கையெழுத்தை நம்பி வாங்குகிறார்கள்.

ஒரு காலத்தில் அமெரிக்காவில் சின்னச் சின்ன ஊர் வங்கிகள்கூடத் தங்கள் பெயர் போட்டு நோட்டு வெளியிட்டன. இன்று அந்த வங்கியின் நோட்டு எத்தனை மிஞ்சியிருக்கிறது என்பதுதான் விலை. கூனிமேட்டுக்காரர் ஒருவர் கொண்டுவந்தது, எனக்குத் தெரிந்து வேறு யாரிடமும் இல்லாதது. கப்பலில் சமையல்காரராக இருந்த அவருடைய அத்தா தன் மகனுக்குக் கொடுத்ததாம். விலையைக் கேட்டதும் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். துபாயில் மூட்டை தூக்கி முட்டி தேய்ந்த மனிதர். லீவு முடிந்து போக டிக்கெட்டும் எடுத்தாயிற்று. இனி போக மாட்டேன், ஊரிலேயே ஒரு கடை போட்டுவிடுவேன் என்றார்.

அடுத்த வாரம் அவருடைய அக்கா கிளியனூரிலிருந்து வந்தார். பையில் இன்னொரு நோட்டு. அதே வங்கி, அதே நம்பர். தம்பியின் போனில் அந்த நோட்டைப் பார்த்ததிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லை. தம்பியிடம் இன்னும் சொல்லவில்லை.

"ஒரே நம்பர்ல ரெண்டு இருக்குது. இதுல எது சார் கள்ள நோட்டு?"

இரண்டும் நல்ல நோட்டுதான் என்றேன். அப்போது ஒரே தாளில் சில நோட்டுகளைச் சேர்த்து அச்சடிப்பார்கள். தாளுக்கு ஒரு நம்பர், நோட்டுக்கு நோட்டு A, B என்று எழுத்து மட்டும் மாறும். அவர் முகம் தெளிந்தது. அதை நானே கெடுக்க வேண்டியிருந்தது. ஒன்றே ஒன்று என்பதற்குத்தான் அந்த விலை. இரண்டு என்றால் ஒன்றுக்குப் பாதிகூட வராது.

நோட்டைத் திரும்பப் பைக்குள் வைத்தார்.

"நான் வரவே இல்லன்னு வச்சுக்குங்க. அவன் வித்துக்கட்டும்."

எனக்குக் கோபம் வந்தது. அவர் விட்டுக்கொடுத்துவிட்டார், என்னால் முடியவில்லை. பார்த்ததைப் பார்க்கவில்லை என்று கையெழுத்துப் போட்டால் நாளைக்கு எவன் என்னை நம்புவான்? அதைச் சொன்னதும் அவரே தம்பிக்குப் போன் போட்டார்.

வந்த தம்பி விலையைக் கேட்கவில்லை. இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அத்தா உனக்கு மட்டுந்தான்னு சொல்லித்தான்க்கா குடுத்தாரு."

"எங்கிட்டயும் அதான்டா சொன்னாரு."

அக்கா சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. நான் புது விலையைச் சொன்னேன். இதையும் சேர்த்து வித்துக்கோ என்று அக்கா தன் நோட்டைத் தள்ளினார். தம்பி அதைத் திருப்பித் தள்ளினார். இரண்டும் சேர்ந்தாலும் ஒரு கடைக்குக் காணாது என்று மூன்று பேருக்கும் தெரியும்.

"அப்ப டிக்கெட்ட கேன்சல் பண்ண வேணாம்," என்றார் அவர், அக்காவைப் பார்க்காமல்.