அடுப்பு வரட்டும்

எனக்கு வயது அறுபத்தைந்து. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. ஏழும் நன்றாக இருக்கிறார்கள். ஒன்றுகூட என்னைத் தலைகுனிய வைத்ததில்லை. படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுபோயிற்று. எழுத்துக்கூட்டிப் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன், கைநாட்டு வைத்தவள் என்று யாரும் சொல்ல முடியாது. நீளமாக எழுதத்தான் வராது. அதனால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். அம்பாசமுத்திரம் ஆவுடையப்பன் மனைவி சொல்லி எழுதியது என்று இருக்கட்டும். அந்தப் பெயரை நான் சொல்லவில்லை. தாத்தா பெயரைப் போட்டுக்கொள் என்றேன், அவள் போட்டுக்கொண்டாள்.

இவள் பத்திரிகையில் விளம்பரம் பார்த்து, கையில் அடங்குகிற தையல் மிஷின் ஒன்றுக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். அது வந்த பாடில்லை. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் வாசலுக்கு ஓடுகிறாள், வெறுங்கையோடு திரும்புகிறாள். போன வாரம் கம்பெனியிலிருந்து ஒரு கார்டு மட்டும் வந்தது. “லாரி ஓடலையாம், ஆள் இல்லையாம், பொறுமையா இருக்கணுமாம் ஆச்சி” என்று என்னிடம் வந்து சண்டை பிடித்தாள், கம்பெனியை நான் நடத்துகிற மாதிரி. இதே வார்த்தையை நான் உன் வயசுக்கும் முன்னாலேயே வாசித்திருக்கிறேன் என்றேன். அவள் நம்பவில்லை. அதற்காகத்தான் இது.

யுத்த காலம். எங்கள் அப்பாவின் தங்கை, என் அத்தை, ஸ்ரீவைகுண்டத்தில் இருந்தாள். மாமாவுக்கு ரங்கூனில் அரிசி மண்டியில் வேலை. பிள்ளை இல்லை. ரங்கூனில் குண்டு விழுந்தது என்று செய்தி வந்த பிறகு மாமாவிடமிருந்து கடிதம் நின்றுவிட்டது. கப்பல் கிடைத்தவர்கள் கப்பலில் வந்தார்கள். கிடைக்காதவர்கள் காட்டுவழியாக நடந்து வந்தார்கள். மாமா இரண்டிலும் வரவில்லை. தனியாக இருக்கிறவளுக்குத் துணை வேண்டும் என்று அப்பா என்னைக் கொண்டுபோய் அங்கே விட்டார். எனக்கு ஒன்பது வயது இருக்கும். துணை என்றால் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கூட இரு என்றார்கள். இருந்தேன்.

அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டில் குழந்தைகள் கூட்டம். ஒருவர் மேல் ஒருவர் கால் போட்டுத் தூங்குவோம். அத்தை வீட்டில் பாய் முழுவதும் எனக்குத்தான். அத்தை அதிகம் பேச மாட்டாள். அணைக்கட்டுப் பக்கம் குளிக்கப் போகும்போது தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். இதே தாமிரபரணித் தண்ணீர் எங்கள் ஊரைத் தாண்டித்தானே இங்கே வருகிறது. எங்கள் படித்துறையில் அம்மா காலை நனைத்த தண்ணீர் என்று ஒரு கை அள்ளிப் பார்ப்பேன். அது வந்துவிட்டது, எனக்குத்தான் அங்கே போக வழி இல்லை.

“எப்போ அத்தை நான் ஊருக்குப் போவேன்?” என்று கேட்டால் அத்தை எப்போதும் ஒரே பதில்தான் சொல்லுவாள்.

“அடுப்பு வரட்டும்.”

அடுப்பு வந்த கதை, இல்லை, வராத கதை இதுதான். கடைசியாக ஊருக்கு வந்திருந்தபோது மாமா அத்தையின் கண்களைப் பார்த்திருக்கிறார். உடைமுள் விறகின் புகையில் அவை எப்போதும் சிவந்து நீர் வடிந்துகொண்டிருக்கும். உடனே மதராஸ் கம்பெனி ஒன்றுக்கு, பித்தளையில் செய்த பம்ப் ஸ்டவ் அனுப்பச் சொல்லித் தம் பெயருக்கு எழுதிப் போட்டுவிட்டார். பார்சல் வந்தால் பணத்தைத் தபால்காரரிடம் கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் என்று சொல்லிக் கப்பல் ஏறிப் போனார். ஸ்டவ் வரவில்லை. யுத்தம்தான் வந்தது. கம்பெனியிடமிருந்து மூன்று மாதத்துக்கோ நான்கு மாதத்துக்கோ ஒரு கார்டு வரும். நான்தான் எழுத்துக்கூட்டி வாசிப்பேன். பட்டறையில் ஆட்கள் இல்லை, பித்தளைத் தகடு கிடைப்பதில்லை, தாங்கள் தயவுசெய்து பொறுமையுடன் இருக்கக் கோருகிறோம். மாமாவை ‘தாங்கள்’ என்று கூப்பிடுகிற அந்தக் கார்டை அத்தை வாங்கிச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைப்பாள்.

தெருவில் பெண்களுக்கு இது ஒரு வேடிக்கை. “என்னட்டி, ஒங்க அத்தை அடுப்பு மதராஸ்ல இருந்து நடந்தா வருது?” என்று ஒருத்தி கேட்பாள். “மண்ணெண்ணெய்க்கே சீட்டு. அடுப்பு வந்தா அதுல தாமிரபரணியையா ஊத்துவாக?” என்று இன்னொருத்தி. அதுவும் நியாயம்தான். அந்த நாளில் விளக்குக்கே எண்ணெய் கிடையாது.

தினமும் திருச்செந்தூர் வண்டி கூவிப் போன பிறகு நான் தபாலாபீசுக்குப் போக வேண்டும். ஜன்னல் எனக்கு எட்டாது, கீழே கிடக்கிற கல்லில் ஏறி நின்று, “சங்கரலிங்கம் பேருக்குப் பார்சல் இருக்கா?” என்று கேட்பேன். அது மாமாவின் பெயர். உள்ளேயிருந்து, “இல்லைட்டி, நாளைக்கு வா” என்று குரல் மட்டும் வரும். அத்தை போய்க் கேட்கக் கூடாதா என்றால், கூடாது. போனால் பெயரைச் சொல்லியாக வேண்டும். புருஷன் பெயரைப் பொம்பளை வாயால் சொல்லுகிற வழக்கம் அப்போது இல்லை. எங்களுக்கு இப்போதும் இல்லை.

நான் திரும்பி வந்தால் அத்தை வாசல்படியில் நிற்பாள்.

“என்னன்னு கேட்ட?”

“பார்சல் இருக்கான்னு கேட்டேன். இல்லைன்னுட்டாக.”

“அப்படியா கேட்ட? கேட்டத முழுசாச் சொல்லு.”

“சங்கரலிங்கம் பேருக்குப் பார்சல் இருக்கான்னு கேட்டேன்.”

“இன்னொரு தடவை சொல்லு.”

சொல்லுவேன். அத்தை தலையை ஆட்டிவிட்டு உள்ளே போவாள். எனக்கு ஆத்திரமாக வரும். ஒழுங்காகக் கேட்டேனா என்று இவளுக்கு என்மேல் நம்பிக்கை இல்லையே என்று.

எதிர்வீட்டில் மாமாவின் அண்ணன் இருந்தார். எனக்குப் பெரிய மாமா. நல்ல மனிதர், நெல், வாழைக்காய், எதுவானாலும் இந்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டுத்தான் தம் வீட்டுக்கு எடுத்துப் போவார். ஆனால் தம்பி பெண்டாட்டியோடு நேருக்கு நேர் பேச மாட்டார். அத்தையும் அவர் முன்னால் வர மாட்டாள், கதவுக்குப் பின்னால் நிற்பாள். எல்லாப் பேச்சும் என் வழியாகத்தான் போக வேண்டும். இரண்டு பேருக்கும் நடுவே மூன்று அடிதான் இருக்கும், ஒருவர் சொல்வது மற்றவருக்கு நன்றாகவே கேட்கும். இருந்தாலும் நான் திருப்பிச் சொல்லாவிட்டால் பதில் வராது.

ஆடி அமாவாசைக்கு முன்னால் ஒரு நாள் பெரிய மாமா வந்து உட்கார்ந்தார். வெகு நேரம் துண்டை மடித்துக்கொண்டும் விரித்துக்கொண்டும் இருந்தார்.

“ஏட்டி, ஒங்க அத்தைகிட்ட சொல்லு. வர வேண்டியவன் எல்லாம் வந்துட்டான். பக்கத்துத் தெருவுல ரெண்டு பேரு நடந்தே வந்துட்டானுக.”

நான் கதவைப் பார்த்துச் சொன்னேன்.

“அமாவாசை வருது. ஆத்துல எறங்கி எங்க அப்பனுக்கு எள்ளும் தண்ணியும் எறைக்கப் போறேன். தம்பிக்கும் எறைக்கவா, வேண்டாமா? உசுரோட இருக்கவனுக்கு எறைச்சா பாவம். போனவனுக்கு எறைக்கலைன்னா அது அதவிடப் பாவம். ராத்திரி சோறு எறங்க மாட்டேங்குதுன்னு சொல்லு. நாள் குறிச்சுச் செய்ய வேண்டியதச் செஞ்சிருவோம்.”

செய்ய வேண்டியது என்றால் கருமாதி. அதோடு அத்தையின் தாலி போகும், பொட்டுப் போகும். அந்த அளவு எனக்கும் தெரியும். எங்கள் தெருவில் பார்த்திருக்கிறேன். நான் சொல்ல ஆரம்பித்து நடுவில் நிறுத்திவிட்டேன்.

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. “அத்தான்கிட்ட சொல்லுளா. அவுக பேருக்கு அடுப்பு வந்துக்கிட்டு இருக்கு. கம்பெனிக்காரன் கார்டு போட்டிருக்கான். ஒரு மனுசன் பேருக்குச் சாமான் வந்துக்கிட்டு இருக்கையில அவரு இல்லைன்னு எப்படிச் சொல்லுதது? அடுப்பு வரட்டும். வந்த பெறகு அத்தான் சொல்லுதபடி கேக்கேன்.”

பெரிய மாமா யோசித்தார். இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது, அன்றைக்கு அது பெரிய நியாயமாகத்தான் பட்டது, எனக்கும், அவருக்கும்கூட. எழுந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, “சரி, அடுப்பு வரட்டும்னு சொல்லு” என்றார்.

அதற்குப் பிறகு நான் படித்துறைப் பிள்ளையாருக்குத் தினமும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினேன். அடுப்பு வந்தால் நான் அம்பாசமுத்திரம் போய்விடலாம். ஒன்பது வயசில் கணக்கு அவ்வளவுதான்.

பிள்ளையாரும் கைவிடவில்லை. தை பிறந்து கொஞ்ச நாள். நல்ல வெயில். தபால்காரர் தெருமுனையிலிருந்தே கூப்பிட்டுக்கொண்டு வந்தார். “சங்கரலிங்கம் பேருக்குப் பார்சல்! சங்கரலிங்கம்!” அவர் பின்னால் ஒரு ஆள் தலையில் மரப்பெட்டி. கயிறு கட்டி, அரக்கு வைத்து, மேலே மாமா பெயர் கொட்டை எழுத்தில். கேலி பேசிய பெண்கள் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டார்கள். எதிர்வீட்டிலிருந்து பெரிய மாமா பாதிச் சாப்பாட்டில் கை கழுவிக்கொண்டு வந்தார். நான் அதற்குள் மனதில் என் பாவாடைகளை மடித்து வைக்க ஆரம்பித்துவிட்டேன்.

அத்தை அன்று கதவுக்குப் பின்னால் நிற்கவில்லை. வாசல்படிக்கு வந்து நின்றாள். பெட்டியைப் பார்த்தாள். அதன் மேலிருந்த எழுத்தை, படிக்கத் தெரியாதவள், வெகு நேரம் பார்த்தாள். தொடவில்லை.

“வாங்கிக்கிடுதீங்களாம்மா?” என்று தபால்காரர் கேட்டார்.

“அவுக பேருக்கு வந்தத நான் எப்படி அண்ணாச்சி வாங்க? அவுக வந்து வாங்கிக்கிடுவாக. திருப்பி அனுப்பிருங்க.”

“திருப்பி அனுப்பினா மதராசுக்கே போயிரும், பாத்துக்கிடுங்க. மறுபடி எந்தக் காலத்துல வருமோ.”

“வரட்டும். பைய வரட்டும்.”

எல்லோரும் பெரிய மாமாவைப் பார்த்தார்கள். அவர் பெட்டியைப் பார்த்தார், அத்தையைப் பார்க்கவில்லை. ஈரக் கையைத் துண்டில் துடைத்தார். துடைத்த கையை மறுபடியும் துடைத்தார்.

“ஏட்டி” என்றார் என்னிடம். “ஒங்க அத்தைகிட்ட சொல்லு.”

நான் காத்திருந்தேன்.

“அடுப்பு இன்னும் வரலைன்னு சொல்லு. வரும்போது பாத்துக்கிடலாம்னு சொல்லு.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. “வந்துட்டே மாமா, இந்தா இருக்கே” என்று பெட்டியைக் கட்டிக்கொண்டேன். கேலி பேசிய பெண்களில் ஒருத்தி வந்து என் கையைப் பைய எடுத்துவிட்டாள். அந்த ஆள் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, வந்த வழியே போனான். இத்தனை பெரிய மனுஷர்கள் நின்று, கண்ணுக்கு முன்னால் இருக்கிற பெட்டியை இல்லை என்று சொல்லுகிறார்களே, இவர்களுக்கெல்லாம் என்ன வந்தது என்று எனக்கு விளங்கவே இல்லை.

சாயங்காலம் அத்தை ஒரு கார்டை எடுத்து வந்து என்னை எழுதச் சொன்னாள். தாங்கள் அனுப்பிய சமயம் வீட்டில் அவர்கள் இல்லை. மறுபடி அனுப்பவும். அவசரம் இல்லை. விம்மிக்கொண்டே எழுதினேன். ‘அவசரம் இல்லை’ என்பதை மட்டும் எழுத மாட்டேன் என்று அடம்பிடித்தேன். அத்தை என் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், எழுதி முடிக்கிறவரை கையை எடுக்கவில்லை. சித்திரையில் பதில் வந்தது. பொறுமையுடன் இருக்கக் கோருகிறோம்.

பெரிய மாமாதான் எனக்கு வழி செய்தார். தம் மகளைத் துணைக்கு அனுப்பிவிட்டு, என் அப்பாவுக்குச் சொல்லிவிட்டார். நான் ஊர் வந்து சேர்ந்தேன். யுத்தம் முடிந்தது. மாமா வரவில்லை. நடுவில் இன்னொரு பெட்டி வந்ததாகவும் அதுவும் மதராசுக்கே திரும்பிப் போனதாகவும் கேள்விப்பட்டேன். கம்பெனி கேட்டுக்கொண்டபடியே அத்தை பொறுமையாக இருந்தாள். கடைசிவரை முள்விறகில்தான் சமைத்தாள். போகும்போது நெற்றியில் பொட்டோடு போனாள். பெரிய மாமா சாகிறவரை ஆடி அமாவாசைக்கு ஆற்றில் தம் அப்பாவுக்கு மட்டும்தான் எள் இறைத்தார்.

என் வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கேஸ் அடுப்பு, மூத்த மகன் வாங்கிப் போட்டது, திருகினால் எரிகிறது. தாத்தா போய் நாலு வருஷமாகிறது. முதலில் அவர்கள் பெயருக்கு ஏதாவது தபால் வந்துகொண்டிருந்தது. இப்போது தபால்காரர் மகன் பெயரைத்தான் கூப்பிடுகிறார். வீட்டிலும் எல்லோருக்கும் அவர்கள் தாத்தா, அப்பா. பெயர் சொல்லிப் பேச ஆள் இல்லை. நானும் சொல்ல முடியாது. மத்தியானம் எல்லோரும் வெளியே போன பிறகு வீடு அத்தையின் வீடு மாதிரி ஆகிவிடுகிறது.

உன் மிஷின் வரும். வராவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. பேனாவை மூடு. எழுதியதை முதலிலிருந்து எனக்கு வாசித்துக் காட்டு. மேலே தாத்தா பெயர் போட்டாயே, அந்த இடத்தில் மட்டும் ஓடிராதளா. பைய வாசி. முழுசா வாசி.